ஸ்கோரைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள்

கேள்வி: ஐயா, நாங்கள் பெங்களூரு முருகேஷ்பாளையாவில் ஒரு அபார்ட்மென்ட்டில் இருக்கிறோம். சொந்த ஊர் ஆம்பூர் பக்கம். போன மாதம் சங்கத்தில் சொல்லிப் பின்பக்கத்தில் கோடு போட்டு நெட் கட்டிக் கொடுத்தார்கள். 12 முதல் 16 வயது வரை பத்துப் பிள்ளைகள் தினமும் சாயங்காலம் ஷட்டில் ஆடுகிறார்கள். ஆட்டத்தைவிடச் சண்டைதான் அதிகம். யார் சர்வீஸ் போடுவது, யார் எந்தப் பக்கம் நிற்பது, ஸ்கோர் என்ன என்று எல்லாவற்றுக்கும் வாக்குவாதம். முதல் மாடிப் பெரியவர் ஒருவர், "கேம்னா பதினஞ்சு பாயிண்ட்தான், சர்வீஸ் போட்டவங்களுக்குத்தான் பாயிண்ட்" என்கிறார். என் மகன் வீடியோ பார்த்துவிட்டு வேறு சொல்கிறான். 13 வயதுப் பெண் ஒருத்தி தவறான இடத்தில் நின்றாள் என்று எல்லாரும் கத்தியதில், ஒரு வாரமாக அவள் கீழே இறங்குவதே இல்லை. பள்ளி நாட்களில் ஆடியிருக்கிறேன், ஆனால் விதிகள் தெரியாது. ஒரு வாரத்தில் இவர்களுக்கு அடிப்படை விதிகளையும் ஸ்கோர் எண்ணுவதையும் சொல்லித்தர முடியுமா? எங்கிருந்து தொடங்குவது? இறகு ஷட்டில் வாங்கவா, பிளாஸ்டிக் போதுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரு வாரம் தாராளமாகப் போதும். ஸ்கோர் எண்ணுவதற்கு மட்டும் என்றால் இரண்டு சாயங்காலமே போதும். இருபது வருஷத்துக்கு மேலாக இந்த ஊரில் பிள்ளைகளுக்கு ஷட்டில் சொல்லித்தருகிறவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் சண்டைகளில் பாதிக்கு மேல் விதி தெரியாததால் வருவதில்லை. ஸ்கோரை யாரும் வாய்விட்டுச் சொல்லாததால் வருகிறது. ஒவ்வொருவரும் மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஐந்தாவது பாயிண்ட்டில் நாலு பேரிடமும் நாலு கணக்கு இருக்கும்.

அதனால் முதல் நாளே ஒரே ஒரு சட்டம் போடுங்கள். சர்வீஸ் போடுகிறவர் ஷட்டிலைக் கையில் எடுத்ததும், எதிர்ப்பக்கத்துக்குக் கேட்கும்படி ஸ்கோரைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் சர்வீஸ் கிடையாது. தன் பக்கத்து ஸ்கோர் முதலில், எதிராளியுடையது பிறகு. சர்வீஸ் கைமாறினால் "சர்வீஸ் ஓவர்" என்று சொல்லிவிட்டு ஸ்கோர். தொடக்கத்தில் "லவ் ஆல்", அதாவது இரு பக்கமும் பூஜ்யம். உங்கள் பிள்ளைகளில் சிலர் வீட்டில் தமிழ் பேசுவார்கள், சிலர் கன்னடம், சிலர் இந்தி. லவ் ஆலும் சர்வீஸ் ஓவரும் எல்லாருக்கும் பொது. அதை மாற்ற வேண்டாம். பெரிய போட்டிகளில் இதைச் சொல்வது நடுவர். உங்கள் மைதானத்தில் நாற்காலி போட்டு நடுவர் உட்காரும் நாள் வரும்வரை, சர்வீஸ் போடுகிற பிள்ளையே சொல்லட்டும். தவறாகச் சொன்னால் அந்த இடத்திலேயே திருத்திக்கொள்ளலாம். ஷட்டில் பறந்த பிறகு பழைய கணக்கைக் கிளறக் கூடாது.

இனி அந்தப் பெரியவர் விஷயம். அவர் சொல்வது பொய்யில்லை, அவர் ஆடிய ஆட்டம் அதுதான். 2006 வரைக்கும் ஆண்கள் ஒற்றையரும் இரட்டையரும் 15 பாயிண்ட், பெண்கள் ஒற்றையர் 11. சர்வீஸ் போடும் பக்கத்துக்கு மட்டுமே பாயிண்ட் ஏறும். எதிர்ப்பக்கம் ஜெயித்தால் சர்வீஸ்தான் கைக்கு வரும், பாயிண்ட் வராது. இரட்டையரில் ஒரு பக்கத்தில் இருவருக்கும் ஒருவர் பின் ஒருவராக சர்வீஸ் உண்டு. அதைத்தான் அந்தக் காலத்து ஆட்கள் "செகண்ட் சர்வீஸ்" என்பார்கள். நம் பெங்களூர்க்காரர் பிரகாஷ் படுகோன் 1980-இல் ஆல் இங்கிலாந்து பட்டம் ஜெயித்தபோது, இந்தோனேசியாவின் லியெம் ஸ்வீ கிங்கை அடித்த ஸ்கோர் 15-3, 15-10. அந்தப் பதினைந்துதான் உங்கள் முதல் மாடிப் பெரியவர் மனசில் இருக்கிற பதினைந்து. இதைப் பிள்ளைகள் முன்னாலேயே அவரிடம் பேசுங்கள். "ஐயா, உங்க காலத்துல எப்படி எண்ணுவீங்க, இவங்களுக்கு ஒருதரம் சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடித்ததும், 2006-இலிருந்து முறை மாறிவிட்டது, யார் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு ரேலிக்கும் (சர்வீஸிலிருந்து ஆட்டம் நிற்கும்வரை ஒரு ரேலி) ஒரு பாயிண்ட் உண்டு என்று நீங்கள் சொல்லுங்கள். அவரை ஒதுக்கினால் தினம் மாடியிலிருந்து குரல் வரும். கூட்டிக்கொண்டால் நல்ல நடுவர் ஒருவர் உங்களுக்குக் கிடைப்பார்.

இப்போதைய முறை இதுதான்: கேமுக்கு 21 பாயிண்ட். மூன்று கேமில் இரண்டு ஜெயித்தால் மேட்ச். 20-20 ஆகிவிட்டால் இரண்டு பாயிண்ட் முன்னே போகிறவருக்கு கேம். அது 29-29 வரை இழுத்தால் 30-ஐத் தொடுகிறவர் ஜெயித்தார். ஒரு கேமை ஜெயித்த பக்கமே அடுத்த கேமில் முதல் சர்வீஸ் போடும். ஒரு பக்கம் 11-ஐத் தொட்டதும் 60 விநாடி ஓய்வு, கேமுக்கும் கேமுக்கும் நடுவே 120 விநாடி. பத்துப் பேருக்கு ஒரே கோர்ட் என்றால் 21 வரை ஆடி முடிவதற்குள் மற்ற ஆறு பேரும் போனை எடுத்துவிடுவார்கள். வார நாளில் 11 பாயிண்ட்டுக்கு ஒரு கேம் போதும். 10-10 வந்தால் நீட்டிப்பா இல்லையா என்பதை டாஸ் போடும்போதே பேசி முடியுங்கள். சனிக்கிழமை மட்டும் முழு 21 ஆடட்டும். 20-20 பதற்றத்தைப் பிள்ளைகள் அனுபவித்தால்தான் அந்த விதி மனசில் நிற்கும்.

யார் எங்கே நிற்பது என்பதுதான் உங்கள் கடிதத்தின் முக்கியமான கேள்வி. அந்தப் பெண் பிள்ளை கீழே இறங்காமல் இருப்பது அதனால்தான். பெரியவர்களே குழம்புகிற இடம் அது. ஒற்றையரில் குழப்பமில்லை. சர்வீஸ் போடுகிறவரின் ஸ்கோர் பூஜ்யமோ இரட்டைப்படையோ என்றால் வலது கட்டம், ஒற்றைப்படை என்றால் இடது கட்டம். எதிராளி குறுக்கே எதிர்க்கட்டத்தில் நிற்பார். அவ்வளவுதான்.

இரட்டையருக்கு நான் செய்வதை அப்படியே எழுதுகிறேன். பேட்டையும் ஷட்டிலையும் ஓரமாக வைத்துவிடச் சொல்லுங்கள். நாலு பிள்ளைகளை நாலு நிறச் சட்டையில் கோர்ட்டில் நிறுத்துங்கள். இந்தப் பக்கம் வலது கட்டத்தில் சிவப்பு, இடதில் மஞ்சள். அந்தப் பக்கம் அவரவர் வலதில் நீலம், இடதில் பச்சை. உங்கள் கையில் ஒரு ரூபாய்க் காசு. பூ விழுந்தால் இந்தப் பக்கத்துக்கு பாயிண்ட், தலை விழுந்தால் அந்தப் பக்கத்துக்கு. ஆட்டமே இல்லை, நடந்து பழகுவது மட்டும்தான்.

லவ் ஆல். சிவப்பு வலதிலிருந்து நீலத்துக்கு சர்வீஸ் போடுவதாகப் பாவனை. காசைச் சுண்டுங்கள். பூ விழுந்தது என்று வையுங்கள். 1-0. சர்வீஸ் போட்ட பக்கமே ஜெயித்ததால் சிவப்பும் மஞ்சளும் இடம் மாறுகிறார்கள். சிவப்பு இப்போது இடதில், அங்கிருந்து பச்சைக்கு சர்வீஸ். மறுபடி காசு. தலை. "சர்வீஸ் ஓவர், ஒன் ஆல்." இங்கேதான் எல்லாப் பிள்ளைகளும் தடுமாறுவார்கள். நீலமும் பச்சையும் உடனே இடம் மாறப் பார்ப்பார்கள். அல்லது வலதில் நிற்கிற நீலம் ஷட்டிலுக்குக் கை நீட்டும். இரண்டும் தப்பு. சர்வீஸைப் பறித்த பக்கம் ஓர் அடிகூட நகரக் கூடாது. அவர்கள் ஸ்கோர் என்ன? ஒன்று. ஒற்றைப்படை. அப்படியென்றால் இடதில் யார் நிற்கிறார்களோ அவர்தான் சர்வீஸ். பச்சை. பச்சை குறுக்கே போட்டால் வாங்குகிறவர் யார்? எதிர்ப்பக்கம் இடதில் இருப்பவர், சிவப்பு.

மறுபடி தலை விழுந்தால் 2-1. பச்சையும் நீலமும் மாறுகிறார்கள், பச்சை வலதிலிருந்து மஞ்சளுக்குப் போடும். அடுத்து பூ. சர்வீஸ் ஓவர், டூ ஆல். இந்தப் பக்கத்து ஸ்கோர் இரண்டு, இரட்டைப்படை, வலதில் நிற்பது மஞ்சள். ஆகவே மஞ்சள்.

இதற்கு மேல் விளக்க வேண்டாம். பத்து நிமிஷம் காசைச் சுண்டிக்கொண்டே இருங்கள். முதலில் நீங்கள் சொல்லுங்கள், பிறகு கோர்ட்டுக்கு வெளியே நிற்கிற ஆறு பேர் சொல்லட்டும், கடைசியில் நாலு பேரும் யாரும் சொல்லாமலே நகர்வார்கள். ஒரு பிள்ளை முகத்தில் அது புரிகிற நொடியைப் பார்க்கவே நான் இன்னும் இதை நானே சொல்லித்தருகிறேன், உதவியாளரிடம் விடுவதில்லை. வலது இடது எல்லாம் அவரவர் நெட்டைப் பார்த்து நிற்கும்போது உள்ள வலது இடது என்பதை மட்டும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். எதிரே நிற்கிறவரைப் பார்த்துக் கணக்குப் போட்டால் எல்லாம் தலைகீழாகும்.

சர்வீஸ் போட்டு முடிந்ததும் இந்தக் கட்டக் கணக்கு முடிந்தது. அந்த ரேலியில் யாரும் எங்கேயும் ஓடி அடிக்கலாம். டேபிள் டென்னிஸ் ஆடிய பிள்ளைகள் ஆளுக்கொரு அடி என்று நினைத்துக்கொண்டு நிற்பார்கள், அது இங்கே கிடையாது.

யாராவது தவறான கட்டத்திலிருந்து சர்வீஸ் போட்டுவிட்டால்? அந்த 13 வயதுப் பெண்ணுக்கு நீங்கள் போய்ச் சொல்ல வேண்டியது இதைத்தான். அது குற்றமே இல்லை. தவறு தெரிந்ததும் இடத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும், அதுவரை எடுத்த ஸ்கோர் அப்படியே நிற்கும். பாயிண்ட் பறிபோகாது. அவளைப் பார்த்துக் கத்திய ஒருவருக்கும் இந்த விதி தெரியாது. தெரிந்திருந்தால் கத்தியிருக்க மாட்டார்கள்.

அவளை மறுபடி கீழே வரவழைக்க, "நீ ஸ்கோர் எழுது" என்று நோட்டைக் கையில் கொடுத்து உட்காரவைக்கத் தோன்றும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். வருஷங்களுக்கு முன்பு நான் செய்த தவறு அது. கணக்கில் கெட்டிக்காரியாக இருந்த ஒரு சிறுமியை, நல்லெண்ணத்தில்தான், எப்போதும் ஸ்கோர் பார்க்கச் சொன்னேன். ஆறே மாதத்தில் அவள் பேட் எடுத்து வருவதையே நிறுத்திவிட்டாள். அவள் அம்மா வந்து சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஸ்கோர் எழுதுவது முறைவைத்து எல்லாருக்கும் வரட்டும், ஆடி முடித்த நாலு பேரில் ஒருவர் அடுத்த கேமுக்கு எழுத வேண்டும் என்று. உங்கள் மகனும் எழுதட்டும். காசு சுண்டும் பயிற்சியை முதலில் அந்தப் பெண்ணுக்கு வீட்டிலேயே, தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, நாலு பொத்தானை வைத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கூட்டி வாருங்கள். கோர்ட்டில் முதலில் சரியாக நகர்கிறவள் அவளாக இருக்கட்டும்.

எழுதும் முறையும் எளிதுதான். கணக்கு நோட்டில் நாலு வரிசை, ஒவ்வொன்றிலும் ஒருவர் பெயர். பாயிண்ட் விழுந்ததும் இனி யார் சர்வீஸ் போடப்போகிறாரோ அவர் வரிசையில், அடுத்த கட்டத்தில் அவர் பக்கத்து ஸ்கோரை எழுத வேண்டும். ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் ஒரு கட்டம் வலப்பக்கம் நகர வேண்டும். மேலே சொன்ன ஆட்டத்தில் சிவப்பு வரிசையில் 0, 1. பிறகு பச்சை வரிசையில் 1, 2. பிறகு மஞ்சள் வரிசையில் 2. ஏழாவது பாயிண்ட்டில் சண்டை வந்தால் நோட்டைப் பார்த்தாலே யார் சர்வீஸ், எந்தக் கட்டம் என்று தெரிந்துவிடும்.

சர்வீஸ் எப்படிப் போடுவது என்பதில் பிள்ளைகள் செய்கிற தவறுகள் எனக்குத் தெரிந்தவரை எல்லா அபார்ட்மென்ட்டிலும் ஒன்றுதான். தலைக்கு மேலே தூக்கி அடிப்பார்கள், கோட்டை மிதிப்பார்கள், காலை எடுத்து வைத்துக்கொண்டே அடிப்பார்கள். இரண்டு பாதமும் தரையில், ஓரிடத்தில், கோட்டைத் தொடாமல் இருக்க வேண்டும். அடிக்கும் கணத்தில் ஷட்டில் முழுவதும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். 2018-க்கு முன்பு இடுப்புக்குக் கீழே என்று இருந்தது, ஆளுக்கு ஆள் உயரம் மாறுவதால் ஒரே அளவாக்கினார்கள். நெட் கம்பத்தில் 1.55 மீட்டரில் நெட் இருக்கும். அதிலிருந்து 40 சென்டிமீட்டர் கீழே கம்பத்தில் ஒரு சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள். அதுதான் 1.15. பேட் முதலில் பட வேண்டியது ஷட்டிலின் கார்க்கில், இறகில் அல்ல. சர்வீஸ் அடிக்கப் போய் ஷட்டிலைத் தவறவிட்டால் அதுவே ஃபால்ட், பாயிண்ட் எதிராளிக்கு. "இது ட்ரையல்" என்ற பேச்சு வேண்டாம்.

சர்வீஸ் நெட்டை உரசிக்கொண்டு சரியான கட்டத்தில் விழுந்தால் அது நல்ல சர்வீஸ், மறுபடி போட வேண்டியதில்லை. டென்னிஸ் பார்க்கிற பிள்ளைகள் "லெட், லெட்" என்று நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் பாயிண்ட் போச்சு. சர்வீஸ் வாங்குகிறவர் தயாராகும் முன்னே போட்டுவிட்டால்தான் லெட். ஆனால் "நான் ரெடியா இல்லை" என்கிறவர் அந்த ஷட்டிலை அடிக்கப் போயிருக்கக் கூடாது. அடிக்க முயன்றாலே ரெடி என்றுதான் அர்த்தம்.

எந்தக் கோடு எதற்கு என்பதைப் பிள்ளைகளை நடக்கவைத்தே காட்டுங்கள். கோர்ட் நீளம் 13.40 மீட்டர். அகலம் இரட்டையருக்கு 6.10, ஒற்றையருக்கு 5.18. சர்வீஸ் கட்டம் ஒற்றையரில் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும், இரட்டையரில் அகலமாகவும் குட்டையாகவும் இருக்கும். இரட்டையர் சர்வீஸ், கடைசிக் கோட்டுக்கு 76 சென்டிமீட்டர் உள்ளே இருக்கிற கோட்டைத் தாண்டினால் அவுட். சர்வீஸுக்கு மட்டும்தான் அப்படி. அடுத்த அடியிலிருந்து கடைசிக் கோடு வரை உள். கோடும் உள்தான், கோட்டின் மேல் கார்க் விழுந்தால் இன். உங்கள் கோர்ட்டில் பெயின்ட் அடித்தவர் இந்த 76-ஐ அளந்தாரா என்று டேப் வைத்துப் பாருங்கள். அபார்ட்மென்ட் கோர்ட்டுகளில் பெரும்பாலும் தப்புவது அந்தக் கோடுதான்.

இன்னா அவுட்டா என்ற சண்டைக்கு நான் வைத்திருக்கும் வழக்கம்: ஷட்டில் எந்தப் பக்கத்தில் விழுந்ததோ அந்தப் பக்கத்தார் சொல்வதே முடிவு. அடித்தவர் பேசக் கூடாது. அந்தப் பக்கத்தாருக்கே சந்தேகம் என்றால் லெட், மறுபடி ஆடுங்கள். பெரிய போட்டியிலும் கோட்டு நடுவருக்குத் தெரியாமல் முதன்மை நடுவராலும் முடிவுசெய்ய முடியாவிட்டால் லெட்தான். மரக்கிளை, கேபிள் ஒயர், பால்கனிக் கம்பி இவற்றில் பட்டால் என்ன என்பதை நீங்களே பேசி, ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். உள்ளரங்கில் கூரையில் பட்டால் ஃபால்ட், ஆனால் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள விதியிலேயே இடம் உண்டு.

மற்றவை ஆட ஆட வந்துவிடும். பேட்டோ உடம்போ சட்டையோ நெட்டில் பட்டால் ஃபால்ட். ஷட்டில் நம் உடம்பில் பட்டால் ஃபால்ட், கோர்ட்டுக்கு வெளியே நின்றாலும்தான். ஒரே பக்கத்தில் இரண்டு அடி கிடையாது. நெட்டைத் தாண்டி வருவதற்கு முன்பே போய் அடிக்கக் கூடாது, நம் பக்கத்தில் அடித்துவிட்டு பேட் வேகத்தில் தாண்டிப் போனால் தப்பில்லை. இவற்றை உட்காரவைத்துப் பாடமாக நடத்தாதீர்கள். நடக்கும்போது ஆட்டத்தை நிறுத்தி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு விடுங்கள்.

கடைசிக் கேள்வி ஷட்டில் பற்றி. திறந்தவெளி என்பதால் இறகு ஷட்டில் வேண்டாம், காற்றில் அலையும், காசும் வீண். நீங்கள் பிளாஸ்டிக் என்கிற நைலான் ஷட்டிலே வாங்குங்கள். கார்க்கைச் சுற்றிப் பச்சைப் பட்டை, நீலப் பட்டை, சிவப்புப் பட்டை என்று வரும். பச்சை மெதுவானது, சிவப்பு வேகமானது. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று லேசானது, அதனால் ஷட்டில் இங்கே வேகமாகப் போகும். பச்சைப் பட்டையே வாங்குங்கள். சரிபார்க்க, கைவலுவுள்ள பெரிய பையன் ஒருவனைக் கடைசிக் கோட்டில் நிற்கவைத்து, கீழிருந்து முழு வீச்சில் நேராக அடிக்கச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கக் கடைசிக் கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் உள்ளே விழுந்தால் வேகம் சரி. அதைக் காற்று இல்லாத காலை நேரத்தில் செய்யுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் காற்று கிளம்பிவிட்டால் எந்த ஷட்டிலும் பொய் சொல்லும். காற்று ஒரு பக்கமாக அடிக்கிற நாளில், 11 பாயிண்ட் கேமாக இருந்தாலும் ஆறாவது பாயிண்ட்டில் பக்கம் மாற்றிவிடுங்கள்.